இரவல் ஓவியங்களால் எழுந்த இல்லம்

அருங்காட்சியகம் என்றால் முதலில் சேகரிப்பு இருக்கும். அதை வைக்க ஒரு கட்டடம் எழும். அப்புறம்தான் பார்க்க ஆட்கள் வருவார்கள். நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் பிறந்த விதம் வேறு. 1929 நவம்பரில் அது கதவைத் திறந்தபோது அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஐந்தாவது அவென்யூவும் 57-ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில், ஹெக்ஷர் கட்டடத்தின் 12-ஆவது மாடியில் ஆறு அறைகளை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சொந்தமாக ஓர் எண்ணெய்வண்ண ஓவியமும் கிடையாது. ஹார்வர்டு பேராசிரியர் பால் சாக்ஸ் அன்பளிப்பாகத் தந்த எட்டு அச்சோவியங்களும் ஒரு கோட்டோவியமும்தான் அதன் முதல் ஆஸ்தி. அந்த ஆறு அறைகளின் சுவர்களில் தொங்கிய செசான், கோகான், சொரா, வான்கோ ஓவியங்கள், ஏறத்தாழ நூறு, பிறரிடம் இரவல் கேட்டு வாங்கி வந்தவை.

வால் தெருப் பங்குச்சந்தை சரிந்து விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த அந்த நகரத்தில், ஒரே மாதத்துக்குள் 47,000-க்கும் அதிகமானோர் மின்தூக்கிக்காகக் காத்து நின்று, மேலே ஏறிப்போய், அந்த நான்கு ஓவியர்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். நால்வருமே அப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பெயரே தெரியாமல் வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்திருப்பார்கள்.

2029-இல் நூற்றாண்டைத் தொடவிருக்கும் இந்த நிறுவனத்தின் வரலாற்றைக் கட்டடங்களை வைத்தும் சொல்லலாம், கொடையாளர்களை வைத்தும் சொல்லலாம். கண்காட்சிகளை வைத்துச் சொல்வதே சரி என்பது என் எண்ணம். இரவல் கேட்பது, பத்திரமாகக் கொண்டுவருவது, முறையாகக் காட்டுவது, பேசியபடி திருப்பித் தருவது ஆகிய நான்கு வேலைகளையும் செய்து செய்தே அது வளர்ந்தது. அதன் பெருமைகளும் அடிகளும் இந்த நான்கிலிருந்தே வந்தன.

அதைத் தொடங்கியவர்கள் மூன்று பெண்கள்: ஆபி ஆல்ட்ரிச் ராக்பெல்லர், லில்லி பிளிஸ், மேரி க்வின் சல்லிவன். பெரும் செல்வரான ஆபியின் கணவருக்கு நவீன ஓவியங்கள் கட்டோடு பிடிக்காது. மேரி சல்லிவன் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். மூவரிலும் நவீன ஓவியத்தோடு நீண்ட பழக்கம் உள்ளவர் லில்லி பிளிஸ். ஐரோப்பாவின் புதிய ஓவியங்களை அமெரிக்கா முதன்முதலில் பெருமளவில் கண்ட 1913-ஆம் ஆண்டு ‘ஆர்மரி’ கண்காட்சிக்குத் துணை நின்றவர் அவர். 1921-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைத் தூண்டி செசான், வான்கோ தலைமுறையின் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கச் செய்தவர்களிலும் ஒருவர். அந்தக் காட்சியைக் கண்டித்து, பெயர் போடாத துண்டறிக்கை ஒன்று ஊரெங்கும் சுற்றியது. பெரிய நிறுவனங்கள் இந்த ஓவியங்களுக்கு நிரந்தரமாக இடம் தரப்போவதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. 1929 வசந்த காலத்தில் மூவரும் ஏ. காங்கர் குட்இயரைத் தலைவராக அழைத்தார்கள். பஃபலோ நகரின் கலைக்கூடத்துக்குப் பிக்காஸோவின் ஓர் ஓவியத்தை வாங்கப்போய், அதன் நிர்வாகக் குழுவில் இடமிழந்தவர் அவர். சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இயக்குநராக வந்தவர் ஆல்ஃப்ரெட் பார். வயது 27. வெல்லெஸ்லி கல்லூரியில் நவீனக் கலைக்கென்று தனிப் பாடம் நடத்தியவர். ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியையும் மாஸ்கோவின் ஓவியர்களையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அவர் செய்த முதல் காரியம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதனால்தான் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காலத்துப் பெரிய கலைக்கூடங்களில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கித் தொங்கவிடுவதும், நடுவில் பெரியது, இரு பக்கமும் அளவொத்த சிறியவை என்று ஜோடி சேர்த்து மாட்டுவதும் வழக்கம். பின்னால் பட்டுத் துணியோ அடர்ந்த நிறமோ இருக்கும். ஆல்ஃப்ரெட் பார் அந்த ஆறு அறைகளின் சுவர்களை நிறம் மங்கிய முரட்டுத் துணியால் மூடினார். படங்களை ஒரே வரிசையில், நிற்பவரின் கண்மட்டத்தில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு மாட்டினார். எதன் பக்கத்தில் எது என்பதை அளவு தீர்மானிக்கவில்லை. எந்தப் படத்திலிருந்து எந்தப் படம் கிளைத்தது என்பதே தீர்மானித்தது. ஒவ்வொன்றின் அருகிலும் பொதுமக்கள் படித்துப் புரிந்துகொள்ளும்படி குறிப்பு எழுதி வைத்தார். இன்று சென்னையிலோ கொச்சியிலோ எந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைந்தாலும் வெளிறிய சுவரில் இடைவெளி விட்டுத் தொங்கும் படங்களைத்தான் காண்கிறோம். இப்படி மாட்டுவதுதான் இயல்பு என்றும் நினைக்கிறோம். அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியதில் அந்த 12-ஆவது மாடிக்குப் பெரிய பங்கு உண்டு.

1931-இல் மத்தீஸின் வாழ்க்கைப்பணியைத் திரட்டிக் காட்டினார்கள். 1932-இல் 53-ஆம் தெருவில் ராக்பெல்லர் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் இந்த நிறுவனத்தை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கியது 1935-ஆம் ஆண்டு வான்கோ கண்காட்சிதான்.

அந்தக் கோடையில் ஆல்ஃப்ரெட் பாரும் அவர் மனைவி மார்கரெட்டும் ஹாலந்துக்குப் போனார்கள். வான்கோவின் படைப்புகளில் பெரும் பகுதி அப்போது இரண்டு கைகளில் இருந்தது. ஒன்று, ஹெலனே க்ரொல்லர்-முல்லர் என்ற பெண்மணி பல ஆண்டுகள் தேடித் திரட்டியது. மற்றொன்று, வான்கோவின் தம்பி தியோவின் மகனிடம் இருந்தது. பெரியப்பாவின் பெயரையே தாங்கிய பொறியாளர் வின்சென்ட் வில்லெம் வான்கோ அவர். தாய் யோ, கணவன் போன பிறகு தனியாக நின்று காத்த சொத்து அது. இரு தரப்பும் இசைந்து, ஓவியங்கள் கடல் தாண்டி வந்தன.

கண்காட்சிக்கென ஒரு நூல் அச்சிட வேண்டும். நிபுணர்கள் விளக்கம் எழுதுவார்கள், படிப்பவர்கள் பாதியில் மூடுவார்கள் என்பதுதான் வாடிக்கை. ஆல்ஃப்ரெட் பார் முன்னுரையைச் சுருக்கிக்கொண்டு, வான்கோ தம்பிக்கும் மற்றவர்களுக்கும் எழுதிய கடிதங்களிலிருந்தே பகுதிகளைத் தேர்ந்து, அந்தந்த ஓவியத்தோடு சேர்த்து அச்சிட்டார். உருளைக்கிழங்கு தின்னும் குடியானவர்களை ஏன் அந்த மண் நிறத்தில் தீட்டினேன் என்று ஓவியரே சொல்வதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கலாம். முந்தைய ஆண்டுதான் இர்விங் ஸ்டோன், வான்கோவின் வாழ்க்கையை நாவலாக்கிய நூல் வெளிவந்து விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தது. அதைப் படித்தவர்கள், காதை அறுத்துக்கொண்ட மனிதரைத் தேடி வந்தார்கள். வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது உழைப்பாளி ஒருவரின் பத்தாண்டுப் பணி. நியூயார்க்கில் மட்டும் 1,23,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். பிறகு அந்தக் காட்சி பிலடெல்பியா, பாஸ்டன், கிளீவ்லாந்து, சான் பிரான்சிஸ்கோ என்று நாடு முழுக்கச் சுற்றியது. ஓர் ஓவியருக்காக மட்டும் நடக்கும் காட்சிக்கு நகரத்து மக்கள் திரண்டு வருவார்கள் என்பது அப்போதுதான் அமெரிக்காவுக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டு கியூபிசத்துக்கும் அரூப ஓவியத்துக்கும் எடுத்த பெருங்காட்சியில் வேறு விதமான தொல்லை வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய 19 சிற்பங்களைச் சுங்கத்துறை கலைப்பொருள்கள் என்று ஏற்க மறுத்துவிட்டது. இயற்கையில் உள்ள ஓர் உருவத்தைக் காட்டினால்தான் சிற்பம், அப்படிப்பட்டதற்கே வரிவிலக்கு என்பது அன்றைய சட்டம். பிணைத்தொகை கட்டித்தான் அவற்றை வெளியே எடுத்தார்கள்.

இதற்கிடையில் சொந்தச் சேகரிப்பும் உருவாகத் தொடங்கியிருந்தது. 1931-இல் இறந்த லில்லி பிளிஸ் தம் ஓவியங்களை இந்த நிறுவனத்துக்கு எழுதிவைத்திருந்தார். ஆனால் அவற்றைப் பேணப் போதுமான நிதி திரட்டிக் காட்டினால்தான் கிடைக்கும் என்பது நிபந்தனை. பொருளாதார மந்தத்தின் உச்சத்தில் அந்தப் பணத்தைச் சேர்க்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1934-இல் செசானின் ‘குளிப்பவன்’ உட்பட அவருடைய ஓவியங்கள் வந்து சேர்ந்தன. தாம் கொடுத்ததில் எதை வேண்டுமானாலும் விற்று அல்லது மாற்றி, அதைவிடத் தேவையானதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் அந்த அம்மையார் அனுமதித்திருந்தார். அப்படித்தான் 1939-இல் பிக்காஸோவின் ‘அவினியோன் பெண்கள்’ இங்கே வந்தது. 1941-இல் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’ வந்தது. தம் பெயர் தாங்கிய பொருள் அப்படியே நிலைக்க வேண்டும் என்று கேட்கும் கொடையாளர்களையே அதிகம் காண்கிறோம். லில்லி பிளிஸின் பெருந்தன்மை அபூர்வமானது. ‘நட்சத்திர இரவு’ முன்னால் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1939 மே மாதம் 53-ஆம் தெருவிலேயே சொந்தக் கட்டடம் திறந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் உரையாற்றினார். அந்த நவம்பரில், சிகாகோ கலைக்கூடத்தோடு சேர்ந்து பிக்காஸோவின் நாற்பதாண்டுப் பணியைக் காட்சிக்கு வைத்தார்கள். செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் வெடித்திருந்தது. இரவல் வந்த படைப்புகள் பல அட்லாண்டிக்கின் இக்கரையிலேயே தங்க நேர்ந்தது. அவற்றில் ஒன்று ‘குவெர்னிகா’.

1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசி அழித்த பாஸ்க் ஊரின் பெயரைத் தாங்கிய ஓவியம் அது. உயரம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர், நீளம் எட்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசின் அரங்குக்காகத் தீட்டப்பட்டது. ஸ்பெயின் அகதிகளுக்கு நிதி திரட்ட 1939-இல் அமெரிக்கா வந்தது. அதற்குள் ஃப்ராங்கோவின் படை வென்று குடியரசு வீழ்ந்துவிட்டது. பிக்காஸோ தம் ஓவியத்தை இந்த நிறுவனத்தின் பொறுப்பில் விட்டுவைத்தார். அது ஸ்பெயின் மக்களுடையது, அங்கே சுதந்திரம் மீண்டால்தான் திரும்ப வேண்டும் என்பது அவர் விதித்த ஏற்பாடு.

ஓர் இரவல் இவ்வளவு நீளும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது. நியூயார்க்கின் இரண்டு தலைமுறை ஓவியர்கள் அதன் முன்னால் நின்று வளர்ந்தார்கள். ஐரோப்பாவுக்கும் பிரேசிலுக்கும் சுருட்டி அனுப்பி அனுப்பித் துணி நைந்துபோனதால், 1950-களின் இறுதியில் அதன் பயணங்களை நிறுத்தினார்கள். 1974-இல் ஒருவர் அதன்மேல் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சி எழுதினார். மேலே பூசியிருந்த வார்னிஷ் காப்பாற்றியது. சாயத்தை உடனே துடைத்தெடுத்துவிட்டார்கள்.

ஆல்ஃப்ரெட் பாரின் நிலைமையோ வேறாகிவிட்டிருந்தது. 1943-இல் நிர்வாகக் குழு அவரை இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கியது. அவர் வெளியேறவில்லை. நூலக மூலை ஒன்றில் உட்கார்ந்து பிக்காஸோ பற்றிய நூலை எழுதினார். 1946-இல் அது வெளிவந்தது. 1951-இல் மத்தீஸ் பற்றிய அவருடைய பெருநூலும் வந்தது. 1947 முதல் 20 ஆண்டுகள் சேகரிப்புப் பிரிவின் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றார். தாம் கட்டிய நிறுவனம் தம்மை இறக்கிவிட்ட பிறகும் அதன் கூரைக்கடியிலேயே இருந்து பணி செய்ய எத்தகைய மனம் வேண்டும்! அந்த இரண்டு நூல்களையும் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

இனி, 1958 ஏப்ரல் 15. அன்றைய நிகழ்ச்சியைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவுறாது. குளிர்சாதன வசதி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த இரண்டாம் மாடியில் தீப்பிடித்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மோனேயின் பிற்கால ‘அல்லிக் குளம்’ ஓவியங்களின் மதிப்பை மற்ற அமெரிக்க நிறுவனங்களுக்கு முன்பே உணர்ந்து 1955-இல் இவர்கள் வாங்கியிருந்த பெரிய ஓவியம் எரிந்து போயிற்று. அதற்கு மேல் மாடியில் சொராவின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் நடுநாயகம், சிகாகோ கலைக்கூடம் இரவலாக அனுப்பியிருந்த ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’. புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து, 1884 தொடங்கி இரண்டு ஆண்டுகள் அந்த இளைஞர் உழைத்த, மூன்று மீட்டர் அகலமுள்ள படம். புகைக்கு நடுவே ஊழியர்கள் அதைத் தூக்கிப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சிகாகோ கலைக்கூடம், அந்த ஓவியத்தை இனி எவருக்கும் இரவல் தருவதில்லை என்று முடிவெடுத்தது. இன்றுவரை அது சிகாகோவை விட்டு நகரவில்லை.

அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்பவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், கொடுப்பவர் தம்மிடம் இருக்கும் ஒரே பிரதியைக் கொடுக்கிறார். காப்பீட்டுத் தொகையால் இன்னொரு சொராவை வரவழைக்க முடியாது. மோனேயின் இழப்பை ஈடுசெய்ய அடுத்த ஆண்டே அதே வரிசையின் முப்பலகை ஓவியத்தை வாங்கினார்கள். இன்று அங்கே பார்ப்பது அதைத்தான்.

நெருப்பில்லாமலும் தவறு நேரும். 1961-இல் மத்தீஸின் இறுதிக்காலப் படைப்புகளைக் காட்டியபோது ‘படகு’ என்ற சிறிய படம் 47 நாள்கள் தலைகீழாகத் தொங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்துபோன பிறகு, வந்திருந்த பெண்மணி ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டும் பழைய திருகாணித் துளைகளும் மாட்டியவர்களை ஏமாற்றியிருந்தன. படத்தைப் பார்க்காமல் சீட்டைப் பார்த்து மாட்டியதன் விளைவு அது. கண்காட்சிக்குப் படம் மாட்டும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி.

1980-இல் பிக்காஸோவுக்காக இந்த நிறுவனம் தன் சொந்தச் சேகரிப்பைச் சுவரிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கட்டடம் முழுவதையும் அவருக்கே கொடுத்தது. ஏறத்தாழ ஆயிரம் படைப்புகள். மே முதல் செப்டம்பர் வரை பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். பாரிஸில் பிக்காஸோ அருங்காட்சியகம் அப்போது திறந்திருக்கவில்லை. அதற்கென ஒதுக்கிய படைப்புகள் இங்கே வர முடிந்தது அதனால்தான். ‘குவெர்னிகா’வை அந்தக் கட்டடத்தில் அவருடைய மற்றப் படைப்புகளோடு சேர்த்துப் பார்க்கக் கிடைத்த கடைசி வாய்ப்பும் அதுதான். 1975-இல் ஃப்ராங்கோ இறந்திருந்தார். ஸ்பெயின் புதிய அரசியல் சட்டத்தோடு ஜனநாயகத்துக்குத் திரும்பியிருந்தது. 1981 செப்டம்பரில் ஓவியத்தைச் சுருட்டி விமானத்தில் மாட்ரிடுக்கு அனுப்பினார்கள். பிக்காஸோ 1973-இலேயே மறைந்துவிட்டார். ஆல்ஃப்ரெட் பார் அது புறப்படுவதற்கு முந்தைய மாதம் காலமானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தன் சுவரின் தலைசிறந்த பொருளாக இருந்ததை, பேசியபடி திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுஞ்சுவரோடு நின்றதை இந்நிறுவனத்தின் மிகப் பெரிய செயலாக நான் கருதுகிறேன்.

1992-இல் மத்தீஸுக்கு எடுத்த பெருவிழாவில் நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகள். சோவியத் ஒன்றியம் கலைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. மாஸ்கோ வணிகர்கள் ஷுகினும் மரோசோவும் புரட்சிக்கு முன் வாங்கிய ஓவியங்கள் ரஷ்யாவிலிருந்து பெருமளவில் வந்தன.

இரவலின் இன்னொரு முகம் 1998 ஜனவரியில் வெளிப்பட்டது. வியன்னா ஓவியர் எகோன் ஷீலேவின் கண்காட்சி முடிந்து படங்களைக் கட்டும் நேரத்தில், அவற்றில் இரண்டை நியூயார்க் அரசு வழக்கறிஞர் தடுத்து நிறுத்தினார். நாஜிகள் காலத்தில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை அவை என்பது புகார். ‘வாலியின் உருவப்படம்’ என்ற 1912-ஆம் ஆண்டு ஓவியத்தின் வழக்கு 12 ஆண்டுகள் நடந்தது. வியன்னாவின் யூத ஓவிய வணிகர் லேயா போண்டியின் வாரிசுகளுக்கு, படத்தை வைத்திருந்த லியோபோல்ட் அருங்காட்சியகம் 1 கோடியே 90 லட்சம் டாலர் கொடுக்க இசைந்த பிறகே, 2010-இல் அது ஆஸ்திரியா திரும்பியது. வாங்கிய இடத்திலேயே திருப்பித் தருவதுதான் எங்கள் கடமை என்று அருங்காட்சியகம் வாதாடியது. பறிகொடுத்த குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் அந்த வாதம் போதவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஓவியம் 1933-க்கும் 1945-க்கும் இடையில் யார் கையில் இருந்தது என்று கேட்காமல் இன்று எந்தப் பெரிய கலைக்கூடமும் இரவல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதில்லை. அந்த விழிப்புக்கு இந்த வழக்கு ஒரு பெரிய காரணம்.

அண்மைக் காலக் காட்சிகளில் இரண்டைச் சொல்லி நிறுத்துகிறேன். நடக்க முடியாத முதுமையில் மத்தீஸ், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்டித் தம் சாப்பாட்டு அறைச் சுவர்களைச் சுற்றி 1952-இல் ஒரு ‘நீச்சல் குளம்’ செய்தார். 1975-இல் வாங்கப்பட்ட அது, பின்னணிச் சணல்துணி பழுத்துக் கறுத்ததால் இருபதாண்டுகளுக்கு மேல் காட்சிக்கு வராமலே கிடந்தது. பாதுகாப்பு வல்லுநர்கள் ஒவ்வொரு காகிதத் துண்டையும் பிரித்தெடுத்து, பழைய துணியின் உண்மையான நிறத்துக்கு இணையான புதிய துணியில் மீண்டும் பொருத்தினார்கள். 2014 அக்டோபரில் திறந்த வெட்டுக்காகிதக் கண்காட்சி பிறந்ததே அந்தச் செப்பனிடும் வேலையிலிருந்துதான். கடைசி வார இறுதியில் கூட்டம் தாங்காமல் இரவு முழுவதும் கதவைத் திறந்து வைத்தார்கள்.

2022-இல், மத்தீஸின் ‘சிவப்புக் கூடம்’ என்ற ஒரே ஓவியத்தைச் சுற்றி ஒரு கண்காட்சி கட்டினார்கள். 1911-இல் தம் பணிக்கூடத்தையும் அங்கிருந்த தம்முடைய படைப்புகளையும் சிவப்பில் மூழ்கடித்துத் தீட்டிய படம். ஷுகின் வாங்க மறுத்தார். பிறகு லண்டனில் ஓர் இரவு விடுதியின் சுவரில் பல ஆண்டுகள் தொங்கியது. 1949-இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. அந்த ஓவியத்துக்குள் குட்டியாகத் தெரியும் படைப்புகளில் இன்று எஞ்சியிருக்கும் ஆறு ஓவியங்கள், மூன்று சிற்பங்கள், ஒரு பீங்கான் தட்டு ஆகியவற்றைப் பல இடங்களில் கேட்டு வாங்கி, மூல ஓவியத்தோடு ஒரே அறையில் வைத்தார்கள். அவற்றில் மூன்று ஓவியங்கள் கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தமானவை. செப்டம்பரில் நியூயார்க் காட்சி முடிந்தது. அந்த மூன்றும் ஊர் திரும்பியபோது ‘சிவப்புக் கூடமும்’ கூடவே பெட்டியில் ஏறியது. அக்டோபரில் அதே கண்காட்சி கோபன்ஹேகனில் திறந்தது.